இசக்கிதுரையின் மூக்கு

சீத்தா கேம்பில் இசக்கிதுரை வீட்டு அடுப்படியில் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு பரீட்சை நடக்கும். பூமாரி முதலில் பெருங்காய டப்பாவைத் திறந்து புருஷனின் மூக்குக்கு நேராக நீட்டுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார். அடுத்தது சூடம். கடைசியாக, இருமல் மருந்து பாட்டிலில் அடைத்து வைத்திருக்கும் பெட்ரோல். மூன்றும் முடிந்த பிறகு அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். அவர் முகத்தைப் பார்த்தாலே மார்க் தெரிந்துவிடும். மூன்று வருஷமாக ஒரே மார்க்தான், முட்டை.

கொரோனாவின் இரண்டாவது அலையில் பதினோரு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் அவர். காய்ச்சல் போனது, இருமல் போனது, கூடவே வாசனையும் போனது. பலருக்கும் போனதுதான். ஒரு மாதம், இரண்டு மாதத்தில் அவர்களுக்கெல்லாம் திரும்பியும் வந்துவிட்டது. இவருக்கு மட்டும் வரவில்லை. காட்டிய டாக்டர் "சிலருக்கு வராது" என்று சொன்னதோடு தன் வேலையை முடித்துக்கொண்டார்.

இதனால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று கேட்கலாம். மான்குர்டில் லோக்கல் ரயில் ஏறுகிறவர்களைக் கேட்டால் கொடுத்து வைத்த மனுஷன் என்பார்கள். தேவ்னார் குப்பைமேட்டுக் காற்று இந்தப் பக்கம் திரும்பினால் பெட்டி முழுக்கக் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொள்ளும். இசக்கிதுரை மட்டும் ஜன்னலோரம் சாவகாசமாக உட்கார்ந்திருப்பார். ஒரு தையல்காரரோ பாங்க் கிளார்க்கோ மூக்கில்லாமல் காலம் தள்ளிவிடலாம். ஆனால் இசக்கிதுரை பார்த்த வேலைக்கு மூக்குதான் முதல் ஸ்பானர்.

அவர் படகு இஞ்சின் மெக்கானிக். பத்தொன்பது வயதில் தாராவிக்கு வந்து, ஒரு கராஜில் பழைய ஸ்பார்க் பிளக்குகளைத் தேய்த்துச் சுத்தம் செய்வதில் தொடங்கியவர். முப்பது வருஷமாக மஜ்காவ் பக்கம் ஜெட்டி என்கிற ஒரு படகுத்துறையில், கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள மாண்ட்வாவுக்கு ஆள் ஏற்றிப்போகும் மூன்று பெட்ரோல் படகுகளுக்கு அவர்தான் வைத்தியர். மீன்பிடிப் படகு டீசலில் ஓடும். டீசல் சோம்பேறி, சட்டென்று பற்றாது. இந்த மூன்றும் வேகப் படகுகள். எட்டு சிலிண்டர் இஞ்சின், படகின் வயிற்றுக்குள் ஒரு மூடிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். காரில் பெட்ரோல் கசிந்தால் ரோட்டுக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். படகின் வயிற்றில் கசிந்தால் அது எங்கே போகும்? பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அடியில் இறங்கித் தேங்கிக் கிடக்கும், கண்ணுக்கும் தெரியாது. ஒரு பொறி போதும்.

அதனால்தான் படகுக்கென்று வரும், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் உள்ளே எழும் பொறி வெளியே வராதபடி அடைத்துச் செய்தவை. பார்வைக்கு அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் கார் சாமான் குர்லாவில் பாதி விலைக்குக் கிடைக்கும், கச்சிதமாகப் பொருந்தவும் செய்யும். ஒரு நாள்கூட அவர் அதை மாட்டியதில்லை. உப்புக் காற்றில் மயிரிழை விரிசல் விட்ட டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை "இன்னும் ஒரு மாசம் ஓட்டலாமே" என்று யாராவது இழுத்தால், அவர்கள் கண் முன்னாலேயே சுத்தியலால் ஒரு போடு போட்டுவிட்டு, "இப்ப ஓட்டுங்க" என்பார். வேலை தெரிந்தவனின் திமிர் அது. அவருக்கு அது அழகாகவே இருந்தது.

அந்த ஜெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. சாவியைத் திருப்புவதற்கு முன், உள்ளே தேங்கிய காற்றை வெளியே இழுக்கும் விசிறியை நாலு நிமிஷம் ஓட விடுவார்கள். பிறகு மூடியைத் திறந்து இசக்கிதுரை மண்டியிட்டு, தலையை இஞ்சின் பெட்டிக்குள் இறக்கி, மூச்சை ஓர் இழு இழுப்பார். "சாஃப்" என்பார். சுத்தம் என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் ட்ரைவர் சாவியைத் தொடுவார். அந்தச் சொல் வராத நாளில் முதலாளியே வந்து குதித்தாலும் படகு நகராது. விசிறி ஓடி முடிந்த பிறகும், பெட்ரோல் குழாயில் ஒரு கிளாம்ப் அரைத் திருகு தளர்ந்திருப்பதை மோந்தே சொன்ன மூக்கு அது. அந்த மூக்குதான் செத்துப்போயிற்று.

சொல்லியிருக்கலாமே? சொல்லியிருக்கலாம். ஆனால் ஐம்பது வயதில் "எனக்கு வாடை தெரியலை" என்று சொன்ன அன்றைக்கே சீட்டு கிழிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். வேறு எந்த வேலையும் அவருக்குத் தெரியாது என்பதும் தெரியும். அடுத்த மாதம் வந்துவிடும், தீபாவளிக்குள் வந்துவிடும் என்று தள்ளிக்கொண்டே போனார். நம்பிக்கை என்கிற சனியன் அப்படித்தான் ஆளைச் சும்மா இருக்க விடாமல் இழுத்தடிக்கும்.

மூக்குக்குப் பதிலாகக் கையையும் கண்ணையும் வேலை வாங்கினார். விசிறியை நாலு நிமிஷத்துக்குப் பத்து நிமிஷம் ஓட விட்டார். குழாய் மூட்டு ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். அடியில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய்ப் பளபளப்பு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஆவியைக் கண்டால் கத்தும் கருவி ஒன்றை முன்பு மூன்று படகிலும் மாட்டியிருந்தார்கள். உப்புக் காற்றில் அது காரணமில்லாமல் கத்திக் கத்திப் பயணிகளைக் கலவரப்படுத்தியதில் ட்ரைவர்களே அதன் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். துரையின் மூக்கு இருக்கும்போது அது எதற்கு என்பது அவர்கள் கணக்கு. எல்லாம் செய்து முடித்துவிட்டு அவர் மண்டியிட்டு, தலையை இறக்கி, வெறும் காற்றை இழுத்து, "சாஃப்" என்பார். மூன்று வருஷத்தில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

கரீம் பாட்சா அந்தக் கம்பெனியின் மூத்த ட்ரைவர். சீத்தா கேம்பிலேயே மூன்று சந்து தள்ளி வீடு. கடையநல்லூர்க்காரர். இருபது வருஷமாக இருவரும் ஒரே லோக்கலில் போய் ஒரே லோக்கலில் திரும்புகிறவர்கள். பாயின் படகு கடைசியில்தான் கிளம்பும். ஆனாலும் மற்ற இரண்டு படகும் கிளம்பும்வரை அவர் இசக்கிதுரை கூடவே வந்து நிற்பார். பேச்சுத் துணைக்கு வருகிறார் என்று இவர் எண்ணிக்கொண்டார்.

இசக்கிதுரைக்கு வெள்ளெழுத்து வந்த பிறகு ஸ்பார்க் பார்க்கும் வேலையும் பாயிடம் போயிற்று. பிளக் ஒன்றை அதன் வயரில் மாட்டி, இஞ்சின் உடம்பில் படும்படி இடுக்கியால் பாய் பிடித்துக்கொள்வார். இசக்கிதுரை முன்னால் போய்ச் சாவியைத் திருப்புவார். பிளக் நுனியில் பொறி தாவும். "நீலம்" என்று பாய் கத்தினால் இக்னிஷன் நன்றாக இருக்கிறது. "மஞ்சள்" என்றால் கரண்டைக் கூட்டிக் கொடுக்கும் காயிலையோ வயரையோ சந்தேகப்பட வேண்டும். இவனுக்கு மூக்கு எனக்குக் கண்ணு, ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு மெக்கானிக் என்று பாய் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அது ஆகஸ்ட் கடைசி. மழைக்காலத்தில் மூன்று மாதம் கரையில் கிடந்த படகுகளை, செப்டம்பரில் சீசன் தொடங்குமுன் தயார் செய்யவேண்டும். பாயின் படகில் எட்டு பிளக்கையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று மாறிவிடாமல் ஓட்டை போட்ட அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்தார் இசக்கிதுரை. ஏழின் நுனி நல்ல பிஸ்கட் நிறம். ஐந்தாவதில் மட்டும் கரி. ஈரம் இறங்கிய வயரை மாற்றினார். புது பிளக்குகளில் கேஜ் விட்டு இடைவெளி பார்த்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்பக்கத்தைத் துடைத்து, விரிசல் இல்லை என்று வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பெட்ரோல் ஹோஸும் மாற்ற வேண்டியதுதான். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும். புது ஹோஸ் ஆபீஸில் வந்து கிடந்தது. ஸ்பார்க் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

விசிறி பத்து நிமிஷம் ஓடியது. வெளியே வரும் காற்றைக் கை வைத்தும் பார்த்தார், நன்றாகவே வந்தது. அந்த விசிறியின் குழாய் படகின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மூன்று மாத மழையில் அது இற்றுப்போய் நடுவில் அறுந்திருந்தது. விசிறி பத்து நிமிஷமும் மேலே இருந்த நல்ல காற்றை இழுத்து வெளியே கொட்டியது. விரல் எட்டாத டாங்க் மூலையில் ஹோஸ் சொட்டிச் சொட்டி, அடியில் ஆவி தேங்கிக் கிடந்தது. மோப்பம் உள்ள எவனும் மூடியைத் திறந்ததுமே முகத்தைச் சுளித்திருப்பான்.

இசக்கிதுரை மண்டியிட்டார். தலையை இறக்கினார். இழுத்தார். "சாஃப்" என்றார். பாய் இடுக்கியால் பிளக்கைப் பிடித்துக்கொண்டதும், எழுந்து முன்னால் போய்ச் சாவியைத் திருப்பினார்.

பெரிய சத்தம்கூட இல்லை. ஈரப் போர்வையை உதறுவதுபோல ஒரு "தப்". திரும்பிப் பார்த்தபோது பாய் நின்ற இடத்தில் ஆள் உயரத்துக்குத் தீ. தீயணைப்பு உருளையை எடுத்து அடித்ததும், பாயை இழுத்துக் கரையில் போட்டதும் தன் கைதானா என்று பிறகு அவருக்கே ஞாபகமில்லை. சத்தம் கேட்டு ஓடி வந்த எல்லாரும் கருகிய நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தியது மட்டும் ஞாபகம் இருந்தது. அவருக்கு அந்த நேரத்திலும் ஒரு வாடையும் வரவில்லை. அதை நினைத்து நினைத்துத்தான் அவர் அழுதார்.

பாய்க்கு இரண்டு கையும், முகத்தின் வலப்பக்கமும் வெந்துவிட்டன. வலது கண்ணில் இனிப் பார்வை இராது என்றார்கள். ஆறாம் நாள் மாலைதான் இசக்கிதுரையை ஆஸ்பத்திரி வார்டுக்குள் விட்டார்கள். கட்டிலருகில் பாயின் மகள் நஸீரா உட்கார்ந்திருந்தாள். இவரைக் கண்டதும், "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அந்த "மாமா" அவரைச் சுட்டது.

"பாய்..." என்று தொடங்கினார்.

"சத்தம் போடாத. நேத்து கம்பெனிக்காரனும் இன்ஷூரன்ஸ்காரனும் வந்து கேட்டு எழுதிட்டுப் போயிட்டாவ. பெட்ரோல் வாட அடிக்கி, தொடாதீங்க பாய்னு நீ கத்தினேன்னு சொல்லிட்டேன். நாந்தான் கேக்காம, ஸ்க்ரூ டிரைவர வச்சு ஸ்டார்ட்டர முட்டிட்டேன்னு சொல்லிட்டேன்."

"ஏன் பாய் இப்படி? எனக்கு வாடையே தெரியாது. நான் ஒங்களக் கொன்னுட்டேன்."

"தெரியும்ல."

"என்ன தெரியும்?"

"ஒனக்கு மூக்கு போனது. அந்த வருஷமே நஸீரா கல்யாணத்துல பிரியாணி அடிப்பிடிச்சு, பந்தலே மூக்கப் பொத்திக்கிட்டு இருந்துச்சு. நீ மட்டும் ரெண்டாந்தரம் வாங்கித் தின்ன." பாய் சிரிக்கப் பார்த்தார், கன்னத்துக் கட்டு விடவில்லை. "அதுலேருந்து நீ மோந்துட்டு அந்தால போனப்பறம், குனிஞ்சு நானும் ஒரு தடவ மோந்துக்கிடுவேன். மூணு போட்டுலயும்."

இசக்கிதுரை இன்னும் கிட்டே குனிந்தார்.

"அப்ப அன்னைக்கு?"

"அன்னைக்குச் சளி. மழையில நனைஞ்சு மூக்கு அடைச்சுக் கெடந்துச்சு. ஒரு நாளுதானேன்னு நெனைச்சேன், வேறென்ன." பாய் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "தப்பு ரெண்டு பேரு மேலயும்தாம்ல. ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து என்ன செய்ய? நீயாவது நில்லு. என் பொய்ய வீணாக்கிராத."

மூன்று வருஷமாக ஊரை ஏமாற்றிவிட்டோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது அவருக்கு. விரல் வைத்ததும் டார்ச் அடித்ததும் தன் கெட்டிக்காரத்தனம் என்று நம்பியிருந்தார். அத்தனை நாளும் படகுகள் பத்திரமாகப் போய் வந்தது பாயின் மூக்கால். பாயின் கட்டுப்போட்ட கையைத் தொடவும் பயந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாயின் பொய் ஜெட்டி முழுக்கப் பரவி, இசக்கிதுரையை ஒரு பெரிய மனுஷனாக்கிவிட்டது. மூக்கு என்றால் அது மூக்கு, அந்தக் கிழவர்தான் கேட்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். மீதி இருந்த இரண்டு படகிலும் இசக்கிதுரை மோந்து சொல்லாமல் சாவியைத் தொடக்கூடாது என்று ஆபீஸில் தாள் அடித்து ஒட்டினார்கள். அதைப் பார்த்தபின் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாயின் பேச்சையும் மீறி, ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் மேனேஜர் ஜெயராம் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜெயராம் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். ஆவி பறக்கும் டம்ளரை இசக்கிதுரை கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மூக்கு போனதை, நடித்ததை, சாவியைத் திருப்பியது தன் கை என்பதை. ஜெயராம் எழுந்து போய் ஹால் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இசக்கிதுரை, நீங்க இப்போ சொன்னது என் காதுல விழலை. ரொம்ப பயந்து போயிருக்கேள், அதான் என்னவோ பேசறேள். இன்ஷூரன்ஸ் பேப்பர்ல என்ன இருக்கு தெரியுமோ? மெக்கானிக் வாசனை பிடிச்சு வார்ன் பண்ணினார்னு இருக்கு. அதை வெச்சுத்தான் கரீமுக்கு ஆஸ்பத்திரிச் செலவே ஓடறது. இப்போ போய் மெக்கானிக்குக்கு மூக்கே கிடையாதுன்னா, கம்பெனியை மூடிண்டு போகவேண்டியதுதான். கரீமைக் கட்டிலோட வெளில வெச்சிடுவா."

"அப்ப நான் நின்னுக்கிடுதேன் சார். வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

"பாக்கறேன். உடனே யார் கிடைப்பா? கிடைக்கற வரைக்கும் அந்த ட்ரைவர் சைஃப் தன் பாட்டுக்கு மூடியைத் தொறந்து பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணுவான். விசிறியை ரெண்டு நிமிஷம்கூட ஓட விடமாட்டான். ஜனங்க உக்காந்திருப்பா படகுல. உங்களுக்குப் பரவாயில்லைன்னா போங்கோ."

"அந்த வாடை பிடிக்கிற மிஷினாவது..."

"ஆர்டர் போட்டாச்சு. வரும்."

காபி ஆறிப்போயிற்று. அவர் அதைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

சீசன் தொடங்குமுன் இரண்டு படகிலும் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றினார். விசிறிக் குழாயை அடிவரை கை விட்டுப் பார்த்துப் புதிதாகப் போட்டார். பிளக், வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, எதையும் சந்தேகத்துக்கு விட்டுவைக்கவில்லை. கையால் செய்ய முடிந்த எல்லாவற்றையும் செய்தார். மூக்கால் செய்யவேண்டியது மட்டும் பாக்கி இருந்தது.

முதல் நாள், முதல் படகு. ட்ரைவர் சைஃப், முப்பது வயது ரத்னகிரிக்காரன். ஏறி உட்கார்ந்த பயணிகளிடம் இந்த மூக்கின் மகிமையை அவன் ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தான். ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் போட்ட ஒரு பெண் போனை நிமிர்த்திப் படம் பிடிக்கத் தொடங்கினாள். அவள் மடியில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று, தன் ஜாக்கெட் பக்கிளைப் போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி விளையாடிக்கொண்டிருந்தது.

இசக்கிதுரை மண்டியிட்டுத் தலையை இறக்கினார். ஒன்றுமில்லை. எழுந்து, "தூ பீ ஏக் பார் சூங்க்லே" என்று சைஃபிடம் கெஞ்சலாகச் சொன்னார், நீயும் ஒரு தடவை மோந்து பார் என்று.

"ஆப்கா நாக் ஹை தோ மேரா கியா காம், சாச்சா?" என்று சிரித்தான் சைஃப். உங்கள் மூக்கு இருக்கும்போது என் மூக்குக்கு என்ன வேலை? பெரியவர் சொல்லிவிட்டாரே என்று மரியாதைக்குக் குனிந்து நிமிர்ந்தான். வாய் நிறைய மாவாப் புகையிலை. மூச்சை இழுக்கக்கூட இல்லை. "குச் நஹி" என்றான், ஒன்றுமில்லையாம். பிறகு சாவியில் கை வைத்துக்கொண்டு இவர் வாயைப் பார்த்தான்.

எல்லாரும் பார்த்தார்கள். குழந்தையும் பார்த்தது.

"சாஃப்" என்றார் இசக்கிதுரை.

இஞ்சின் ஒரே பிடியில் பிடித்தது. பயணிகள் கைதட்டினார்கள். படகு ஒரு புள்ளியாகி மறையும்வரை அவர் ஜெட்டியிலேயே நின்றார், பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது என்பதுபோல. பக்கத்தில் பேச்சுத் துணைக்கு யாரும் இல்லை. இரண்டாவது படகில் ஆள் ஏறிவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள்.

மறுநாள் காலை பூமாரி டப்பாவை நீட்டினாள். பெருங்காய வாடை இல்லை, சூடத்தின் வாடையும் இல்லை. நேற்று முழுக்க அவள் வாசலிலேயே நின்றிருந்தாள் என்று பக்கத்து வீட்டுப் பேராச்சி சொல்லியிருந்தாள். போன் அடித்தாலே உடம்பு பதறுகிறதாம். இப்போது பெட்ரோல் பாட்டிலை நீட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார்.

"வாட அடிக்குட்டி" என்றார். "லேசா அடிக்கி."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

பூமாரி முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு, அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து, அந்தச் சூடத்தையே எடுத்துச் சாமி படத்துக்குக் கொளுத்தினாள். புகை அவர் மூக்குவரை வந்தது, வாடை வரவில்லை. "இனி பயமில்ல, எம்மா, இனி பயமில்ல" என்று கும்பிட்டுக்கொண்டே இருந்தாள். இசக்கிதுரை பாட்டிலை இறுக மூடி அலமாரியில் வைத்தார். சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு ஏழு பத்து லோக்கலுக்குக் கிளம்பினார்.